நமக்கு யார் எழுதுவார்?

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நேற்றிரவு நெறியாளருக்கு அனுப்பிவிட்டேன். ஓர் அரசு பிறிதோர் அரசின் மனித உரிமை மீறலை எவ்வாறு சுட்டுகிறது, எந்தச் சொற்களில் சுட்டுகிறது, அதனால் என்ன விளைகிறது என்பதே அவ்வியலின் பொருள். இக்கேள்வி எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று. பங்காருபாளையத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில், என் தாய் கேட்டது. ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

2015 ஏப்ரல் 7. திருப்பதியை அடுத்த சேசாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி 20 பேரை ஆந்திரச் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். இறந்தவர்கள் தமிழ்நாட்டின் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. முன்னரே பிடித்துவைத்துக் கொன்றதாக உறவினரும் மனித உரிமை அமைப்பினரும் குற்றஞ்சாட்டினர்.

தமிழ்நாட்டு முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் உடனடியாக ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். அச்செய்தி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "அவங்களுக்கு எழுத ஒரு கவர்மெண்ட் இருக்குது தம்பி. நம்மள சுட்டா யாரு எழுதுவாங்க?"

நாங்கள் வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசும் ஆந்திரக் குடிமக்கள். எங்களைச் சுடுகிற அரசு எங்கள் அரசாகவே இருக்கும். அதற்கு மடல் எழுத வேறோர் அரசு இராது. அன்று இதற்கு மறுமொழி கூற எனக்குத் தெரியவில்லை.

பிற்பாடு அக்கடிதத்தின் செய்தியை ஆய்வு மாணவனாகப் படித்தபோது, அதன் அமைப்பு வியப்பளித்தது. இறந்தவர்கள் சட்டவிரோதச் செயலில் ஈடுபட்டிருக்கக்கூடும் என்பதை அது மறுக்கவில்லை. ஆயினும் இத்தனை உயிர்கள் போனது, படையினர் போதிய கட்டுப்பாட்டுடன் நடந்தனரா என்ற ஐயத்தை எழுப்புவதாகக் கூறியது. நம்பகமான, விரைவான விசாரணை வேண்டுமெனக் கேட்டது. முதலில் ஓர் ஒப்புதல், பின் ஒரு கவலை, முடிவில் ஒரு வேண்டுகோள். நாடுகளுக்கிடையே தூதரகங்கள் வழியாகச் செல்லும் குறிப்புகளும் பெரும்பாலும் இவ்வரிசையில்தான் அமைகின்றன. 'கொலை' என்ற சொல் அவற்றில் அரிதாகவே வரும். எதிர்த்தரப்பு மறுமொழி கூற ஒரு வாயிலைத் திறந்துவைப்பது அம்மொழியின் நோக்கம்.

இதைக் கோழைத்தனம் என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. அக்கடிதத்திற்கு எவரையும் தண்டிக்கும் ஆற்றல் இல்லை. ஆனால் காவல்துறை அறிக்கையில் கடத்தல்காரர்களாக மட்டும் இருந்த இருபதின்மர், அரசுக்கு அரசு எழுதிய தாளில், தம் சாவுக்கு விளக்கம் கோரப்பட வேண்டிய மனிதர்களாயினர். அந்த இடமாற்றம் சிறிதன்று.

இந்தியா இக்கருவியை விடுதலைக்கு முன்பே கையிலெடுத்தது. 1946இல் தென்னாப்பிரிக்கா அங்கிருந்த இந்தியரின் நில உரிமையைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. பாதிக்கப்பட்டோரில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் பலர். இந்தியா வணிகத்தை நிறுத்தி, விவகாரத்தை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுசென்றது. இது உள்நாட்டு விவகாரம் என்று ஸ்மட்ஸ் வாதிட்டார். விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான குழு அதை மறுத்தது. 1946 டிசம்பர் 8 அன்று 32 நாடுகள் ஆதரிக்க, 15 எதிர்க்க, 7 நடுநிலை வகிக்கத் தீர்மானம் நிறைவேறியது.

இலங்கை விவகாரத்தில் அதே இந்தியாவின் குரல் ஏறியும் இறங்கியும் ஒலித்தது. 2009 மே மாதம் மனித உரிமை மன்றத்தின் சிறப்பு அமர்வில் இலங்கைக்கு ஆதரவான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012லும் 2013லும் இலங்கையைப் பொறுப்புக்கூறக் கோரிய தீர்மானங்களுக்கு வாக்களித்தது. 2012 தீர்மானத்தில், ஐ.நா. அளிக்கும் உதவி இலங்கை அரசின் இசைவுடன் அமைய வேண்டும் என்ற தொடர் இடம்பெற்றதில் இந்தியாவின் பங்கு உண்டு. 2014இல் பன்னாட்டு விசாரணைக்கு வழிவகுத்த தீர்மானம் வந்தபோது, அது இறையாண்மையில் தலையிடுவது என்று கூறி நடுநிலை வகித்தது. 2021லும் 2022லும் நடுநிலையே. 1946இல் ஸ்மட்ஸ் நின்ற இடத்துக்கு அருகில் இந்தியாவின் வாதம் வந்து நின்றதை என் இயலில் குறித்திருக்கிறேன்.

இம்மூன்று நிகழ்வுகளிலும் பொதுவான ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் 'நம்மவர்', இலங்கையில் 'தொப்புள்கொடி உறவு', சேசாசலத்தில் 'தமிழகத் தொழிலாளர்'. உறவு எல்லையைக் கடந்து கிடந்தால்தான் கடிதம் பிறக்கிறது. சுடப்பட்டவருக்கும் சுட்டவருக்கும் இடையே ஒரு மாநில எல்லையோ நாட்டெல்லையோ இருந்தாக வேண்டும். அவ்விருபதின்மரும் ஆந்திரப் பழங்குடியினராயிருந்தால் எந்த முதலமைச்சரும் எழுதியிருக்க மாட்டார். அம்மா கேட்டதன் பொருள் இதுதான்.

உறவில்லாதவரும் கேட்கலாம் என்ற ஏற்பாடு 2008இல் தொடங்கிய காலமுறை மீளாய்வில் இருக்கிறது. ஐ.நா. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் முறைவைத்துப் பிற நாடுகளின் கேள்விகளுக்கு உட்படுகிறது. இந்தியா 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் உட்பட்டது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது; இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அதைச் செய்யுமாறு ஒவ்வொரு சுற்றிலும் ஏதேனும் சில நாடுகள் கேட்கின்றன. சித்தூர் எங்கிருக்கிறது என்று அறியாத ஒரு தூதர், சித்தூர்க் காவல் நிலையத்தில் அடைக்கப்படக்கூடிய ஒருவருக்காக ஜெனீவாவில் ஒரு வரி படிக்கிறார். அவ்வரி மெலிந்தது, ஆயினும் அம்மாவின் கேள்விக்கு நான் கண்டறிந்த மறுமொழி அதுவொன்றே. நான்காம் இயல் அதைப் பற்றியது.

ஒன்று சொல்ல மறந்தேன். எங்கள் தோப்பில் மாங்காய் இறக்க ஆண்டுதோறும் சவ்வாது மலையிலிருந்து நால்வர் வருவர். 2015இல் எவரும் வரவில்லை. மறுஆண்டு அவர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வேலூரிலிருந்து சித்தூர் வரும் பேருந்தில் தடுத்து நிறுத்தினால் காட்ட ஒரு தாள் வேண்டும் என்றார். "இன்னார் எங்கள் தோப்புக்கு மாங்காய் இறக்கும் வேலைக்காக வருகிறார்" என்று தெலுங்கில் எழுதினேன். அப்பா அடியில் கையெழுத்திட்டார். எந்த அரசின் முத்திரையும் அதில் இல்லை. நால்வரில் இருவர் அத்தாளோடு வந்து சேர்ந்தனர். மற்ற இருவரும் அதன்பின் வரவேயில்லை.