மழை படாமல் மலைக்கு ஒரு வழி

இத்தாலியின் பொலோன்யா நகரத்து ஸ்ட்ராதா மஜ்ஜோரே தெருவில், இசோலானி மாளிகையின் மாடியை 13ஆம் நூற்றாண்டு மரத்தூண்கள் இன்னமும் தாங்கி நிற்கின்றன. அங்கே காலையில் புறப்பட்டு மேற்கே நடந்தால், ஊரைக் கடந்து சான் லூக்கா மலையுச்சி வரை பெரும்பாலும் கூரைக்கு அடியிலேயே போய்விடலாம். கையில் ஒரே நாள் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

போர்ட்டிகோ என்னும் இந்தத் தூண் தாழ்வாரங்கள் நெருக்கடியில் பிறந்தவை. 1088இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் வந்து குவிந்தார்கள். தங்க இடம் போதாமல் வீட்டு மாடிகள் தெருப்பக்கம் நீண்டன. நகராட்சி அவற்றை இடிக்கச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் தாழ்வாரம் வைத்தே ஆக வேண்டும், தன் செலவில் பராமரிக்க வேண்டும், யாரையும் நடக்க விட வேண்டும் என்று 1288இல் சட்டம் போட்டது. அப்படிச் சேர்ந்த 62 கிலோமீட்டர் நிழலின் சிறந்த பகுதிகளைத்தான் 2021இல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. 97 மீட்டர் அசினெல்லி கோபுரத்தைவிட எனக்கு இந்தச் சட்டமே பெரிதாகப் படுகிறது. கோபுரத்தைக் கட்டியவர்கள் தங்கள் குடும்பப் பெருமைக்காகக் கட்டினார்கள், தாழ்வாரம் வழிப்போக்கனுக்காக.

அந்தக் கோபுரத்தைத் தாண்டியதும் குவாத்ரிலாத்தெரோவின் கடைச் சந்துகள். தலையணை பருமனுக்குத் தொங்கும் மொர்த்தடெல்லா என்னும் பன்றித் தொத்திறைச்சியைக் காகிதம்போல் சீவித் தருவார்கள். அதையும் ரொட்டியையும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியையும் வாங்கிக்கொண்டு, 1465 முதல் நடப்பதாகச் சொல்லப்படும் ஓஸ்தெரியா தெல் சோலேவுக்குப் போக வேண்டும். அங்கே குடிக்க மட்டும்தான் விற்பார்கள். சாப்பாட்டை நாமே கொண்டுபோகலாம். நீண்ட மேசையில் யார் பக்கத்திலாவது உட்கார்ந்து, லேசாக நுரைக்கும் பின்யொலெத்தோ ஒரு கோப்பை. பக்கத்து மலைச்சரிவுகளில் விளையும் வெள்ளைத் திராட்சையின் வைன் அது. மொர்த்தடெல்லாவின் கொழுப்பை நாவிலிருந்து துடைத்துவிடுகிறது.

அருகிலேயே பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான ஆர்கிஜின்னாசியோ. அதற்குள் 1637இல் மரத்தால் அமைத்த உடற்கூறியல் அரங்கு 1944 குண்டுவீச்சில் நொறுங்கியது. இடிபாடுகளில் பொறுக்கியெடுத்த சிற்பங்களையும் சேர்த்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

சரகோஸ்ஸா வாயிலில் தொடங்குகிறது கடைசிப் பகுதி: 666 வளைவுகள், சுமார் 3.8 கிலோமீட்டர். இது பிறக்கக் காரணம் மழை. 1433இல் விடாத மழை பயிரை அழிக்க, மலைக்கோயிலின் மாதா திருவுருவத்தை ஊருக்குள் இறக்கி வேண்டினார்கள். மழை நின்றது என்பது ஊரார் நம்பிக்கை. ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தப் பவனி நனையாமலிருக்க 1674இல் கூரை எழுப்பத் தொடங்கினார்கள். பிரபுக்கள் மட்டுமா கொடுத்தார்கள்? கைவினைஞர் சங்கங்களும் சாதாரணக் குடும்பங்களும் ஆளுக்கொரு வளைவுக்குப் பணம் கட்டின. 1677இல் ஊர் மக்கள் வரிசையாக நின்று, கட்டுமானப் பொருள்களைக் கைமாற்றிக் கைமாற்றியே மலைமேல் சேர்த்தார்கள்.

மெலொன்செல்லோ வளைவு வரை சமதரை. அதன்பின் முழங்கால் பேசத் தொடங்கும் ஏற்றம். வழியில் பதினைந்து சிற்றாலயங்கள். எதிரே மூச்சு வாங்காமல் ஓடி இறங்கும் ஊர்க்காரர்கள். உச்சியில், கார்லோ பிரான்செஸ்கோ தொத்தி வடிவமைத்த ஆலயத்தின் முற்றத்திலிருந்து தெற்கே பார்த்தால் மலைகள் அலையலையாக விரிகின்றன.

இறங்கியதும் பசிக்கும். மாமிசச் சாற்றில் மிதக்கும் தொர்தெல்லினியைக் கேளுங்கள், க்ரீம் வேண்டாம். மாவுக்குள் மடித்த பூரணத்தின் ருசி அந்தச் சாற்றில்தான் தெரியும்.