மண்ணுக்குள் ஒரு பனியன்

மண்வள அட்டை. 2015-இல் வந்தது. 12 கட்டங்கள். தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம். துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம்.

மண்புழுவுக்குக் கட்டம் இல்லை.

இறவையில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. கிட்டத்தட்ட 25 ஏக்கர். கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கம் அதற்குள் எத்தனை பட்டாதாரர்!

மாதிரி எடுக்க: ஆங்கில ‘வி’ வடிவக் குழி, அரையடி ஆழம். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் கூடாது.

புழு வேண்டுமென்றால் நான் தோண்டுவது அங்கேதான்.

சுவிட்சர்லாந்து, 2021. வேளாண் ஆய்வு நிறுவனமான அக்ரோஸ்கோப்பும் சூரிச் பல்கலைக்கழகமும் கேட்டுக்கொள்ள, ஆயிரம் பேர் ஆளுக்கு இரண்டு வெள்ளைப் பருத்தி ஜட்டி புதைத்தார்கள். ஒன்றை ஒரு மாதத்தில் தோண்டணும், மற்றதை இரண்டு மாதத்தில். எவ்வளவு கந்தலோ மண்ணில் அவ்வளவு உயிர். கூடவே தேயிலைப் பைகளும் புதைத்தார்கள்.

எலாஸ்டிக் மட்டும் அப்படியே இருக்கும்.

நமக்குத் திருப்பூர் பனியன் போதும். முழுப் பருத்தியா என்று பார்த்து வாங்கணும். புதைப்பதை ஊர் பார்க்கக் கூடாது. செய்வினை என்பார்கள்.

தளியில் ஒரு ராகிக் காடு. பல சால் ராகிக்கு நடுவே ஒரு சால் அவரை, துவரை, கடுகு. இதற்குப் பெயர் அக்கடி. கர்நாடகத்துக்குள் போனாலும் அதே பெயர். காய் பெங்களூருக்கு பஸ் ஏறும். உதிர்ந்த இலை காட்டுக்கு.



களை எடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம், மண் நல்லா இருக்குதுன்னு எப்படிக்கா தெரியும் என்றேன்.

“மழை விட்டதும் மிதிச்சா தெரியாதா?”

நான் ஷூ போட்டிருந்தேன்.

ஷூ போட்டவனுக்கும் ஒரு சோதனை உண்டு: காய்ந்த மண்கட்டி, டம்ளர் தண்ணீரில். போட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தால் பிடிப்பு இல்லை. டீக்கடையிலேயே செய்து பார்க்கலாம், கடைக்காரர் விட்டால்.

ராகிக் காட்டைத் தாண்டினால் பசுமைக்குடில் ரோஜா. பிப்ரவரி 14-க்குக் கணக்குப் பார்த்துக் கவாத்து. பாத்திக்குச் செம்மண் லாரியில் வருகிறது.

எதிரே மனைப்பிரிவு. பொக்லைன் மேல்மண்ணை வழிக்கிறது.

கெலவரப்பள்ளி அணை. தென்பெண்ணையில் நுரை, பெங்களூருச் சாக்கடையின் உபயம். அணை வாய்க்கால் பாயும் வயலில் ஈயம் உண்டா, காட்மியம் உண்டா? அட்டையில் அதற்கும் கட்டம் இல்லை.

மத்திகிரி கால்நடைப் பண்ணை, 1824. வெள்ளைக்காரன் பட்டாளத்துக் குதிரைக்காக ஆரம்பித்தது. இருநூறு வருஷச் சாணி. சுற்றிலும் ஃபேக்டரி.

பனியன் புதைக்க உள்ளே ஒரு சதுர அடி தோண்ட யாரிடம் மனு கொடுப்பது? மனுவில் என்ன காரணம் எழுதுவது?