எனக்குக் கிடைத்த இளைப்பாறுதல்

"நீங்கள் சமூகவியல் படித்தவர்தானே, நீங்களுமா சேர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பதுண்டு. "எங்கட அம்மாளை விட்டுப்போட்டுப் போயிட்டாளே" என்று ஊரில் பெரியம்மா முறையானவர்கள் மனம் வருந்துவதும் உண்டு. இந்த இரண்டு பேருக்கும் நான் இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. சிரித்துவிட்டுப் போய்விடுவேன். சொல்லத் தொடங்கினால் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும் என்பதே காரணம். இன்று அதைச் சகோதரிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எனது ஊர் காரைதீவு. வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும் முஸ்லிம் சகோதரர்களின் ஊர்கள், நடுவில் நாங்கள். சுவாமி விபுலானந்தர் 1892 இல் பிறந்த மண் இது. வைகாசி மாதம் கண்ணகை அம்மன் கோயில் சடங்கும் திருக்குளிர்த்தியும் வந்தால் வெளியூரில் இருப்பவர்களும் ஊருக்கு வந்துவிடுவார்கள். நானும் அந்தக் கோயில் வீதியில் வளர்ந்தவள்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. போயா தினம். திருவெம்பாவைக் காலம் ஆகையால் விடியற்காலையிலேயே குளித்துக் கோயிலுக்குப் போய் வந்திருந்தோம். எனக்கு 14 வயது, தம்பிக்கு 7. அப்பா கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். கோயிலில் தந்த பிரசாதத்தை ஒரு ஏனத்தில் போட்டு மூடி, கடற்கரைப் பக்கம் இருந்த அம்மம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வரும்படி அம்மா எங்கள் இருவரையும் அனுப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்து சிறிது நேரத்தில் கடல் வந்தது.

அதை விவரிக்கப் போவதில்லை. எங்கள் கரையோரத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கதை தெரியும். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். என் பங்குக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். என் ஒரு கை தென்னை மரத்தைப் பிடித்திருந்தது. மறு கையில் தம்பியின் கை இருந்தது. மறுபடியும் தண்ணீர் இழுத்தபோது அந்தக் கை என் கையில் இல்லை. அது நழுவியதா, நான் விட்டேனா என்று எனக்குத் தெரியாது. அம்மம்மாவின் உடல் மறுநாள் கிடைத்தது. தம்பி கிடைக்கவில்லை.

பாடசாலை ஒன்றில் அமைத்த முகாமில் இருந்தோம். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலர். ஒருவர் முற்பிறப்பின் வினை என்றார். இன்னொருவர் கையில் துண்டுப்பிரசுரம் தந்து, இது கடைசிக் காலத்தின் அடையாளம் என்றார். ஊரில் நடந்த பாவங்களுக்குக் கிடைத்த தண்டனை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அரிசிப் பையோடு சேர்த்து ஒரு கடவுளையும் நீட்டிய கைகள் மீது எனக்கு ஏற்பட்ட வெறுப்பு நீண்ட காலம் இருந்தது. இன்றும் அப்படிச் செய்வது தவறு என்றே நினைக்கிறேன். பசித்தவரிடம் பேரம் பேசக்கூடாது.

கடவுள் என்று ஒருவர் இல்லை என்று நான் முடிவு செய்தது அந்த முகாமில்தான். உண்மையைச் சொன்னால், அந்த முடிவு ஆரம்பத்தில் ஒரு நிம்மதியைத் தந்தது. கடலடியில் பூமித்தட்டு அசைந்தது, அலை வந்தது, அவ்வளவுதான். இதில் யார் மீதும் கோபப்பட வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சமூகவியல் படித்தபோது என் முடிவுக்கு நல்ல வார்த்தைகளும் கிடைத்தன. எமில் டேர்க்கைம் 1912 இல் வெளியிட்ட நூலில், மனிதர் தெய்வம் என்று வணங்குவது தம் சமூகத்தின் சக்தியையே என்று வாதிடுகிறார். மார்க்ஸோ மதத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் துன்பத்தை மரக்கச் செய்யும் மருந்தாகவும் கண்டார். பரீட்சையில் இவற்றை நன்றாகவே எழுதினேன். இப்போதும் அவற்றில் பெரும் பகுதியை நான் மறுக்கவில்லை. மதம் சமூகத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்கள் சரியாகவே கண்டிருந்தார்கள்.

ஆனால் இரவில் நித்திரை வரவில்லை. கண்ணை மூடினால் என் உள்ளங்கையில் ஒரு சின்னக் கை இருக்கும், பிறகு இருக்காது.

பட்டம் பெற்று வந்து சமூகப் பணியில் சேர்ந்தேன். நுண்கடன் எடுத்து மீள முடியாமல் தவிக்கும் பெண்கள், கணவனைப் போரில் இழந்தவர்கள், கடலுக்குப் பிள்ளை கொடுத்தவர்கள் என்று வீடு வீடாகப் போனேன். அவர்களிடம், "இது உங்கள் பிழை அல்ல" என்று நான் பயிற்சியில் கற்றபடி சொல்லுவேன். அந்த வார்த்தை உண்மையானது, தேவையானது. என்னிடமும் ஒரு உளவளத்துணையாளர் அதையே சொன்னார். அறிவுக்கு விளங்கியது. நெஞ்சு மட்டும், "பிழையோ இல்லையோ, நீ விட்டாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

என் துன்பத்துக்கு எனக்கு ஒரு விளக்கம் இருந்தது. எனக்குத் தேவைப்பட்டதோ மன்னிப்பு. அலை மன்னிக்காது, பூமித்தட்டு மன்னிக்காது. தம்பி உயிரோடு இல்லை. நானே என்னை மன்னிக்க வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லின. கடன்பட்டவள் தன் கடன் கொப்பியைத் தானே வெட்டிவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

2016 இல் ஒரு நாள், கூட வேலை செய்த அக்கா ஒருவர் கல்முனையில் தன் ஆலயத்தில் மாலை ஆராதனைக்கு என்னை அழைத்தார். மெதடிஸ்த மிஷனரிமார் மட்டக்களப்புக்கு வந்தது 1814 இல். அவர்களுடைய பாடசாலை ஒன்றில்தான் விபுலானந்தரும் கல்முனையில் படித்தார். பின்னர் மட்டக்களப்பில் கத்தோலிக்கர் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். முடிவில் 1924 இல் இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். அவர் படித்த இடம் அவர் நம்பிக்கையைத் தீர்மானித்துவிடவில்லை. அவரைப் போலவே நானும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

அந்த ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும் ஒரு பகுதி வந்தது. செய்த தவறுகளை மட்டுமல்ல, செய்யாமல் விட்டவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்கள். வயதான தாய்மாரும் பாடசாலைப் பிள்ளைகளும் போதகரும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்தப் பாவம் பெரிது, அந்தப் பாவம் சிறிது என்று யாரும் விசாரிக்கவில்லை. பின்னர் மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. நான் வாங்கில் அமர்ந்தபடி அழத் தொடங்கினேன். அந்த அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் போகும்வரை பக்கத்தில் இருந்தார்.

அன்றே நான் விசுவாசியாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருடங்கள் சந்தேகத்தோடும் கேள்விகளோடும்தான் போய் வந்தேன். அக்காலத்தில் எனக்கு மிகவும் உதவியது பண்டிதா இராமாபாயின் வரலாறு. மகளிர் தினப் பேச்சுக்காக அதைத் தேடிப் படித்தேன். 1858 இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு அவருடைய பெற்றோர் வடமொழி கற்பித்தார்கள். பஞ்ச காலத்தில், அவருக்கு ஏறக்குறைய 16 வயதாக இருக்கும்போது, தகப்பனும் தாயும் பட்டினியால் இறந்தார்கள், அக்காவும் இறந்தார். எஞ்சிய அண்ணனோடு நாடெங்கும் கால்நடையாக அலைந்தார். புனிதத் தலங்களில் மூழ்கியும் விரதம் இருந்தும் தன் வீட்டாரைக் காக்கவில்லையே என்று பழைய நம்பிக்கையை இழந்தார். 1880 இல் அண்ணனும் 1882 இல் கணவரும் இறக்க, கைக்குழந்தையோடு தனித்தார். 1883 இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

என்னைத் தொட்டது அதற்குப் பிறகு நடந்தது. ஞானஸ்நானம் பெற்று ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1891 அளவில்தான், தாம் கிறிஸ்தவ மதத்தைத்தான் பெற்றிருந்தோம், கிறிஸ்துவை அல்ல என்று உணர்ந்ததாக அவரே தன் சாட்சியில் எழுதியிருக்கிறார். மன அமைதி அதன் பிறகே வந்தது. அதுவரையும் அவர் சும்மா இருக்கவில்லை. 1889 இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதனைத் தொடங்கிவிட்டார். தனக்குப் போதித்த ஆங்கிலேயச் சகோதரிகள் சொன்னதையெல்லாம் அப்படியே விழுங்கவும் இல்லை. வாதாடினார், தன் மரக்கறி உணவையும் விடவில்லை. அவ்வளவு படித்த, அவ்வளவு இழந்த ஒரு பெண் இத்தனை காலம் எடுத்திருக்கிறாள் என்றால் நான் ஏன் அவசரப்பட வேண்டும் என்று ஆறுதலடைந்தேன்.

யோவான் சுவிசேஷத்தில் லாசருவின் கதை வருகிறது. சகோதரன் இறந்துபோன இரண்டு சகோதரிகள், நேரத்துக்கு வராததற்காக இயேசுவிடமே முறையிடுகிறார்கள். அவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. வினை என்றோ தண்டனை என்றோ சொல்லவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் அழுகிறார். அந்தச் சகோதரிகளுக்குத் தம்பி திரும்பக் கிடைத்தான், எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆனாலும் அழுகிற ஒருவரிடம்தான் என் கையைப் பற்றிச் சொல்ல முடிந்தது. 2018 இல் ஞானஸ்நானம் பெற்றேன். அதற்கு முன்பே எனக்கு நித்திரை வரத் தொடங்கியிருந்தது.

ஞானஸ்நானத்துக்கு முன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். பதினான்கு வருடங்களாகச் சொல்லாத கதை. "அம்மா, தம்பியை நான்தான் விட்டுட்டன்" என்றேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் என்னைப் பார்த்தார். "நான்தானே மனே உங்களை அனுப்பினனான்" என்றார். அவரும் அத்தனை வருடமும் அந்தப் பிரசாத ஏனத்தைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து, இருவரும் தனித்தனியே சுமந்திருக்கிறோம். அன்றிரவு நாங்கள் தம்பியின் பெயரைச் சொல்லி நெடுநேரம் கதைத்தோம். நான் சேர்ச்சுக்குப் போவதில் அம்மாவுக்கு இன்றும் கவலை உண்டு. "உனக்கு நித்திரை வருகுதுதானே, அது போதும்" என்று மட்டும் சொன்னார்.

என் விசுவாசத்துக்குச் சோதனை அடுத்த வருடமே வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுபிள்ளைகளும் பலியானார்கள். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் நடந்தவற்றையும் சேர்த்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஐந்து நாட்களின் பின், 26 ஆம் திகதி இரவு, எங்களுக்கு அடுத்த ஊரான சாய்ந்தமருதில் அந்தக் குழுவினர் பதுங்கியிருந்த வீட்டிலும் குண்டுகள் வெடித்தன. அங்கும் இறந்த 15 பேரில் குழந்தைகள் இருந்தார்கள். சத்தம் கேட்டு அம்மாவும் நானும் விளக்கை அணைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். "கோயிலில் இருந்த பிள்ளைகளையும் காக்கவில்லையே" என்ற முகாம்காலத்துக் கேள்வி அப்படியே திரும்பி வந்தது. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. ஆனால் 14 வயதில் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஆள் இருக்கவில்லை. அன்றிரவு நான் அதைக் கடவுளிடமே கேட்டு அழுதேன்.

ஊரடங்கு தளர்ந்த பின் சாய்ந்தமருதில் நான் வழக்கமாகப் போகும் ஒரு ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். வெளியே வரவே பயந்துபோய் இருந்தார். "மிஸ், எங்கள வெறுத்திட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் முன்போல் கடவுள் அற்றவளாக இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத நல்ல மனிதர்கள் அந்த நாட்களில் எனக்கு முன்பே அங்கு போயிருந்தார்கள். ஆனால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கைகளைப் பிடிக்கப் பயந்தவளாக நான் பதினான்கு வருடம் வாழ்ந்தேன்.

சகோதரிகளே, நம்பாதவர்களை வாதத்தில் வெல்ல நான் இதை எழுதவில்லை. என் அம்மாவின் அம்மன் மீதும், அந்த ராத்தாவின் தொழுகை மீதும் எனக்கு மரியாதை உண்டு. எனக்கு இளைப்பாறுதல் கிடைத்த இடத்தை மறைக்காமல் சொன்னேன், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் ஒரு சொல்லை வருடக்கணக்காக விழுங்கிக்கொண்டு யாராவது இருக்கலாம். அவரிடம் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லும்வரை காத்திருங்கள். டிசம்பர் 26 இல் அம்மாவும் நானும் கடற்கரைக்குப் போவோம். அம்மா விளக்கேற்றுவார், நான் ஜெபம் செய்வேன். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருவோம்.