கேஸ்காரரை வரச் சொல்லாதே

மன்னார்குடி,
மே 14

அன்புள்ள மாப்பிள்ளை செந்திலுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு, வேலை செய்கிற ஆட்களிடமும் இதைக் காட்டு.

நாளை மறுநாள் கேஸ் வெல்டிங்காரர் வருகிறார், சூடு காட்டி, இறுகிப்போன டிராக்டர் பின் வீலை எடுத்துவிடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தாய். வரவேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. ரிம்மில் டயர் இருக்கிறவரை அந்த வீலில் எந்த இடத்திலும் தீ படக்கூடாது. வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தப்பு. சூடு ஏறினால் ரப்பர் உள்ளுக்குள்ளேயே கருகி, தீப்பிடிக்கும் வாயுவைக் கக்கும். அது அடைபட்டு வெடித்தால் இரும்பு ரிம்மே பறக்கும். தீயை எடுத்த பிறகும், கொஞ்ச நேரம் கழித்து வெடிப்பது உண்டு. டிராக்டர் டயர் வெடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் பிழைப்பது அரிது. உன்னை அப்படி ஒரு இடத்தில் நிற்க வைக்க எனக்கு மனம் வராது.

உங்கள் ஊர் கடைமடை. உப்புக் காற்று. போதாததற்கு வருஷா வருஷம் கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கிறோம். பொட்டாஷ் கரைந்த தண்ணீரும் சேறும் டிஸ்க்கின் நடு ஓட்டைக்கும் ஹப்புக்கும் நடுவே புகுந்து தங்கிவிடும். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கிற வஸ்து. மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதில் வளர்ந்து ஆப்பு மாதிரி இறுகிவிடும். நட்டு எட்டையும் கழற்றின பிறகும் வீல் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். சம்மட்டியால் ஒரே பக்கம் அடித்தால் டிஸ்க் கோணிக்கொண்டு இன்னும் கவ்வும்.

முதல் வேலை, டயரில் இருக்கிற தண்ணீரை இறக்குவது. அத்தான், அதாவது உன் அப்பா, எப்போதும் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பித்தான் ஓட்டுவார். நூறு லிட்டருக்கு மேல் இருக்கும், அத்தனை எடையும் உன் மேல் சாயக்கூடியது. கழற்றிய நட்டுகளைத் திரும்பப் போட்டுவிட்டு, வால்வு கீழே வருகிற மாதிரி நிறுத்தி, பின் ஆக்ஸிலை ஜாக்கியில் கொஞ்சம் தூக்கி, தண்ணீரை வடித்துவிட்டுக் காற்றடித்துக்கொள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கு. ஸ்டட்டுகளின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டிஸ்க் ஹப்பில் உட்காரும் வளையம் முழுக்கத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடி. காலையும் மாலையும் நாலைந்து நாளாவது அடிக்க வேண்டும். நடுநடுவே ஹப்பைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இரு, அந்த அதிர்வில்தான் ஆயில் உள்ளே இறங்கும். பிரேக் லைனிங்கில் பட்டுவிடுமே என்று பார்க்காதே. ஆக்ஸில் சீல் போய், அந்த லைனிங் ஏற்கெனவே ஆயிலில் ஊறித்தான் கிடக்கிறது. அதை மாற்றத்தானே இந்தப் பாடு.

ஊறின பிறகு செய்ய வேண்டியது, எனக்கு இந்த வேலையில் மிகவும் நம்பிக்கை உள்ள முறை. எட்டு நட்டையும் இரண்டு மூன்று சுற்றுக்கு மட்டும் தளர்த்தி வை. ஒன்றைக்கூட முழுதாகக் கழற்றாதே. களத்துமேட்டில் சமதரையாகப் பார்த்து, முதல் கியரில் கொஞ்சம் முன்னே, ரிவர்ஸில் கொஞ்சம் பின்னே, மெதுவாக ஓட்டு. இடையிடையே ஸ்டியரிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒடித்துத் திருப்பு. வண்டியின் எடையே டிஸ்க்கைப் பிடித்து ஆட்டும். "டக்" என்று ஒரு சத்தம் வரும். வந்ததும் நிறுத்திவிடு. அந்தப் பக்கத்துப் பிரேக்கை நம்ப முடியாது என்பது ஞாபகம் இருக்கட்டும். வரப்பு, வாய்க்கால், ஆள் எதுவும் அருகில் இருக்கக்கூடாது.

சத்தம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்தது ஜாக்கி. முன் வீல் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதே, அப்புறம் டிரம் வராது. நம் மாஸி 1035 டிராக்டரில் முன் ஆக்ஸில் நடுவே ஒரே பின்னில் ஆடுகிறது. பின்பக்கம் ஒரு பக்கமாகத் தூக்கினால் வண்டி சாயும். அதனால் முன் ஆக்ஸிலுக்கு மேலே இரண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்கு. தூக்கியதும் ஆக்ஸில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்டோ கனத்த மரக்கட்டையோ முட்டுக் கொடு. செங்கல் அடுக்காதே, அது சொல்லாமல் நொறுங்கும். டயர் தரையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பினால் போதும். மேலே இரண்டு நட்டு மரையிலேயே இருக்கட்டும். உள்பக்கமிருந்து ரிம்மில் மரக்கட்டையை வைத்துச் சம்மட்டியால் ஒரு அடி, வீலைக் கால் சுற்றுச் சுற்றி எதிர்ப்பக்கம் ஒரு அடி. ஸ்டட் மேலோ ஹப் மேலோ அடி விழக்கூடாது. ஸ்டட் மரை கெடும், பேரிங்கிலும் தழும்பு விழும்.

இத்தனைக்கும் வராவிட்டால்தான் தீ. அதற்கும் ஒழுங்கு உண்டு. நம் வண்டியில் ரிம் தனி, டிஸ்க் தனி, இரண்டையும் ரிம் போல்ட்டுகள் பிணைத்திருக்கின்றன. அவற்றைக் கழற்றி, ரிம்மையும் டயரையும் தூரக் கொண்டுபோய்ப் போட்டுவிடு. ஆயிலை எல்லாம் துடைத்துவிட்டு, வெறும் டிஸ்க்கின் நடு ஓட்டையைச் சுற்றி வேகமாகச் சூடு காட்டினால் டிஸ்க் விரியும், ஹப் அந்த வேகத்தில் விரியாது, கழன்று வரும். அந்தக் கட்டத்துக்கு வந்தால் எனக்குச் சொல். நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

டிஸ்க்கை வெட்டி எடுத்துவிட்டு வண்டியைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்று யாரோ அக்காவிடம் சொன்னார்களாம். கேட்டு எனக்கு மனசு ஆறவில்லை. மூன்று சிலிண்டர், இரண்டு டன்னுக்கும் குறைவான எடை, சேற்றில் அமிழாத வண்டி. ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். மாஸி பெர்குசனோடு சேர்ந்து 1960-இல் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கியது முதல் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் கைபடக் கற்றுக்கொண்டது இந்த ரகத்தில்தான். பெரிய வண்டி இறங்கினால் புதைகிற உங்கள் வயலில் இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. அத்தான் சாகிறவரை ஓட்டிய வண்டி என்பது வேறு. அதைப் பார்க்காவிட்டாலும் விற்கக்கூடாத வண்டிதான்.

திரும்ப மாட்டும்போது டிஸ்க் ஓட்டையையும் ஹப்பையும் பளிச்சென்று தேய்த்து, அந்த வளையத்தில் மட்டும் கிரீஸ் மெல்லிசாகத் தடவு. அடுத்த முறை கையால் தள்ளினாலே வரும். நட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கு. முதல் நாள் உழவு முடிந்ததும் எட்டையும் மறுபடி இறுக்க மறக்காதே.

வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர நாளாகும். அவசரமே இல்லை. துணைக்கு இரண்டு பேர் இல்லாமல் வீலில் கை வைக்காதே. கேஸ்காரரிடம் சொல்லிவிட்டேன் என்று இன்று இரவே எனக்கு ஒரு வார்த்தை போன் பண்ணு.

அன்புடன்,
உன் மாமா