செண்பகனூருக்குச் சென்ற தூண்டிற்கோல்

வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறுவோர், கொடைக்கானலை அடையுமுன் வெள்ளி அருவியைக் காண்பர். ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்நீர், மேலேயுள்ள கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிவதால் வருவதாகும். அருவியைக் கடந்து இன்னும் சற்று ஏறினால் செண்பகனூர். ஏசு சபைத் துறவியர் 1895இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரியும், அதனைச் சார்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை.

2024 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த இ-பாஸைப் பெற்றுக்கொண்டு, அதிராம்பட்டினத்திலிருந்து குடும்பத்துடன் அங்குச் சென்று மூன்று நாள் தங்கினோம். பெட்டிகளை இறக்கும்போதுதான், என் இளைய மகன் தன் பாட்டனாரின் கொடுவாத் தூண்டிலை வண்டியின் மேல் கட்டி எடுத்துவந்திருப்பதைக் கண்டேன். "வாப்பா, இதைக் கொண்டு ஏரியில் மீன் பிடிக்கலாம் அல்லவா?" என்று ஆவலோடு கேட்டான். அவனுக்கு நான் கூறிய விடையையே உங்களுக்கும் கூறுகிறேன். தூண்டில் வாங்க எண்ணும் பிள்ளை உங்கள் இல்லத்திலும் இருக்கக்கூடும்.

கோலைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு வினாக்களுக்கு விடை காணுங்கள்: எந்த நீரின் கரையில் நிற்கப் போகிறீர்கள்? எந்த மீனை நாடுகிறீர்கள்?

கொடுவா கடலுக்கும் கழிமுகத்துக்கும் இடையே திரியும் வலிய மீன். முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளின் வேர்களிடையே இரைக்காகப் பதுங்கி நிற்கும். தூண்டிலில் சிக்கினால் அவ்வேர்களை நோக்கியே பாயும். அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போன்றது; மெல்லிய நரம்பை அறுத்துவிடும். மேலும், மணற்கரையில் நிற்பவர் அலைகளுக்கு அப்பால் இரையை எறிதல் வேண்டும். ஆகவே கடற்கரைக்கு 10 முதல் 12 அடி நீளமும், நல்ல விறைப்பும் உடைய கோல் ஏற்றது. கோல் நீளும்தோறும் எறியும் தூரம் மிகும். ஆனால் மீன் இழுக்கும்போது மணிக்கட்டின்மேல் விழும் பாரமும் மிகும்.

கொடைக்கானல் ஏரியோ வேறு வகையது. மதுரை ஆட்சித் தலைவராயிருந்த சர் வேர் ஹென்றி லெவிஞ்சு 1863இல் உருவாக்கிய, ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள அமைதியான நீர்நிலை அது. அங்கு வாழும் சாதாக் கெண்டை, அடியிலுள்ள சேற்றைக் கிளறி இரை தேடும். அதன் உதடு மென்மையானது. விறைத்த கோலால் வெடுக்கென இழுத்தால் முள் பிய்ந்து வந்துவிடும். 8 அல்லது 9 அடி நீளமும், நுனி முதல் நடுப்பகுதி வரை வளையும் இயல்பும் கொண்ட இலேசான கோலே இங்குப் பொருந்தும்.

கடையில் விலையைக் கேட்டு மயங்காதீர்கள். எத்தனை கிராம் எடையை எறியலாம் என்பது பெரும்பாலும் கோலின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். ஏரிக்கு 10 முதல் 30 கிராம் போதும். சுருளியைப் பொருத்திக் கையில் பிடித்துப் பாருங்கள். நுனி கனத்துத் தாழ்ந்தால் அரை மணி நேரத்தில் கை ஓய்ந்துவிடும். நரம்பு ஓடும் வளையங்களின் உட்புறத்தைப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே நரம்பும் அறுபடும். இணைப்பு ஆடுகிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கண்ணாடி இழைக் கோல் சிறந்தது. சற்றுக் கனமாயினும் எளிதில் ஒடியாது.

கார்பன் கோல் இலேசானது. ஆயினும் அதனூடே மின்சாரம் பாயும் என்பதை மறவாதீர்கள். மின்கம்பியின் கீழ் அதனை உயர்த்துவதும், இடி முழங்கும்போது பிடித்து நிற்பதும் உயிருக்கே ஆபத்து. மாலையில் திடீரென மழை இறங்கும் மலையூரில் இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது. அருவியருகே வழுக்கும் பாறைகளில் தூண்டிலோடு இறங்குவதையும் அறவே தவிர்த்திடுங்கள்.

ஏரியில் தூண்டில் இட விழைவோர், நகராட்சியிடமும் மீன்வளத் துறையிடமும் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். அறுந்த நரம்பைக் கரையில் விட்டு வருதல் பெரும் பிழை. அது மட்கிப்போக நெடுங்காலமாகும். அதுவரை பறவைகளின் கால்களைச் சுற்றி அவற்றை முடமாக்கும்.

இவற்றையெல்லாம் கேட்ட மகன் முகம் வாடிற்று. "அப்படியானால் பாட்டனாரின் கோல் பயனற்றதா?" என்றான். "இல்லை, மகனே! அது நம் கடலுக்காக அவர் தேர்ந்தெடுத்த கோல்" என்றேன். மூன்று நாளும் அது செண்பகனூர் வீட்டுச் சுவரில் சாய்ந்தே கிடந்தது. நாங்கள் தூண்டிலின்றியே ஏரியைச் சுற்றி நடந்தோம். எந்தக் கரையில் நிழல் விழுகிறது, எங்கே மீன் துள்ளுகிறது என்று அவன் கவனிக்கலானான்.

ஊர் திரும்பிய மறுவாரம், விடியற்காலையில் அதே கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "வாப்பா, கடலுக்குப் போகலாமா?" என்று வாசலில் நின்றான்.