புகைபோக்கி சொல்லும் கணக்கு

நீராவி எஞ்சினின் புகைபோக்கியைப் பார்த்தே அதில் கரி போடும் ஃபயர்மேனை எடைபோட்டுவிடலாம். கன்னங்கரேலென்று புகை எழுந்தால் படம் பிடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு அது நஷ்டம். எரிய வேண்டிய கரி எரியாமலே காற்றில் போகிறது என்று அர்த்தம். இருப்பதே தெரியாத மெல்லிய சாம்பல் நிறப் புகைதான் நல்ல நெருப்புக்கு அடையாளம். மீட்டர் கேஜில் கிளீனராகச் சேர்ந்து, ஒய்பி ரக நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாகி, பின்னர் டீசலிலும் மின்சார எஞ்சினிலும் சரக்கு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எஞ்சின்கள் மாறின. கரிக்கும் ரயிலுக்கும் உள்ள பந்தம் மட்டும் அறவில்லை.

ஒய்பி பாய்லரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. அதைக் காட்டும் முள் இறங்கிவிடக் கூடாது. கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டமும் மறைந்துவிடக் கூடாது. இரண்டையும் காப்பது ஃபயர்மேன் பொறுப்பு. பெரிய கரிக்கட்டிகளைச் சுத்தியலால் கைப்பிடி அளவுக்கு உடைக்க வேண்டும். தூளைத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நெருப்பில் விழுவதற்குள் இழுவைக் காற்று குழாய்கள் வழியே கொண்டுபோய்விடும். நெருப்புப்பெட்டியின் கதவை ஒட்டியும் பின் மூலைகளிலும் நெருப்பு தடிப்பாகவும், முன்பக்கம் மெலிதாகவும் கிடக்க வேண்டும். எஞ்சின் ஓடும் அதிர்விலும் இழுவையிலும் கரி தானாகவே முன்னே நகரும்.

“தம்பி, கொஞ்சங் கொஞ்சமாப் போடு, கதவ மூடி மூடிப் போடு” என்பார் எனக்குத் தொழில் சொல்லித் தந்த டிரைவர் அண்ணாச்சி. அதில் முழுப் பாடமும் அடங்கியிருந்தது. ஒரேயடியாகக் கொட்டினால் நெருப்பு மூச்சுத் திணறும். கதவைத் திறந்தே வைத்தால் குளிர்காற்று புகுந்து சூடு இறங்கும். சேஃப்டி வால்வ் சீறினால் அதுவும் கரி வீணாகும் சத்தம்தான்; அதற்கு முன்பே இன்ஜெக்டரைத் திறந்து பாய்லருக்குத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும்.

செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை 1904-ல் திறக்கப்பட்டது. ஏற்றமும் குகைகளும் நிறைந்த அந்த மாதிரிப் பாதைதான் இந்தத் தொழிலுக்குத் தேர்வுக்கூடம். ஏற்றம் வரும் முன்பே நெருப்பைத் தயார் செய்திருக்க வேண்டும். ஏறத் தொடங்கிய பிறகு யோசித்தால் நேரம் கடந்துவிடும். குகை வாய்க்குள் நுழையும்போது புதுக் கரி போட்டுப் புகை கிளப்பினால் எங்களுக்கும் மூச்சு முட்டும், பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கும் முட்டும்.

கரி எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பது நெருப்பிலேயே தெரியும். நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம். அது உருகி இறுகினால் கிளிங்கராகி நெருப்பின் அடியிலுள்ள கிரேட்டை அடைத்துக்கொள்ளும். நீளக் கம்பியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். தெற்கே வந்த கரியில் சிங்கரேணிக் கரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1889 வாக்கில் இல்லெந்து பக்கம் சிங்கரேணிச் சுரங்கம் தொடங்கியபோது, டோர்னகலிலிருந்து அங்கே கிளைப்பாதை போட்டதே கரிக்காகத்தான். அதற்கும் முன்பு, 1855-ல் ஹவுராவிலிருந்து ராணிகஞ்ச் வரை பாதை நீண்டதும் இதே காரணத்தால்தான். கரி ஊர் சேர ரயில் வேண்டும்; ரயில் ஓடக் கரி வேண்டும்.

லோகோ ஷெட் இருந்த ஊர்களில் இந்தப் பந்தம் அடுப்படி வரை வந்தது. கூடை கூடையாகத் தலையில் சுமந்து, எஞ்சினுக்குப் பின்னுள்ள டெண்டரில் கரி ஏற்றியவர்களின் கூலி அதிலிருந்து வந்தது. சாம்பல் குழியில் கிளறி அரைவேக்காட்டுக் கரியைப் பொறுக்கியவர்கள் அதை வைத்து உலை ஏற்றினார்கள், சந்தையில் விற்றும் பிழைத்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கண்ணில் விழுந்த கரித்தூளைத் தேய்த்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையை உதறிக்கொண்டுதான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

1995 டிசம்பரோடு அகலப்பாதையில் நீராவி வண்டிகளின் அன்றாட ஓட்டம் முடிந்தது. ஆனால் இன்றும் இந்திய ரயில்வே ஏற்றும் சரக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரிதான். அந்த வருமானம் இருப்பதால்தான் சாதாரணப் பெட்டிப் பயணிக்குக் கட்டணம் கட்டுப்படியாகிறது. மேட்டூர் அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவின் தால்சேர் கரி ரயிலில் பாராதீப் வந்து, கப்பலில் எண்ணூர் சேர்ந்து, மறுபடியும் ரயில் ஏறி மேட்டூர் போகிறது. ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலில், ஏறக்குறைய 4,000 டன் வரும். 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு 3,000 டன்னுக்குக் குறையாமல் தின்றுவிடும்.

2022 ஏப்ரல், மே மாதங்களில் மின் நிலையங்களில் கரி இருப்பு குறைந்தது. கரி ரேக்குகளுக்கு வழிவிட, வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் நூற்றுக்கணக்கான பயணி ரயில் சேவைகள் ரத்தாயின. விளக்கு எரியச் சிலருடைய பயணம் நின்றது. இன்று புகையே இல்லாமல் ஓடும் மின்சார எஞ்சினுக்குள் பாயும் மின்சாரத்தின் பெரும்பகுதியும் எங்கோ கரி எரிந்து வருவதுதான். நெருப்பு எஞ்சினை விட்டு இறங்கி மின் நிலையத்துக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஃபயர்மேனின் சிக்கனம் காலாவதியாகவில்லை. இளம் லோகோ பைலட்டுகளுக்குச் சொல்வேன்: பாதையை மனப்பாடமாக்குங்கள், நிற்க வேண்டிய இடத்துக்கு நெடுந்தூரம் முன்பே பவரை மூடி வண்டியைத் தன் வேகத்தில் உருளவிடுங்கள், மூன்று ஃபேஸ் எஞ்சினில், பிரேக் போடும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும் வசதியை முழுதாகப் பயன்படுத்துங்கள். மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் வெட்டப்படாத கரி. வீட்டில் ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் நிறுத்துங்கள். சுரங்கத் தொழிலாளியும் ரயில் தொழிலாளியும் உழைத்துக் கொண்டுவந்த கரிக்கு நாம் செய்யும் மரியாதை அதை வீணாக்காமல் இருப்பதுதான்.