மீன்தலைக் கறி வைக்கும் கைகள்

காலையிலேயே ரேஸ் கோர்ஸ் சாலையின் பின்சந்தில் மீன் வந்து இறங்கிவிடுகிறது. ஐஸ் நிரப்பிய பெட்டிகளில் இருப்பவை தலைகள் மட்டும். ஈக்கான் மேரா என்று சிங்கப்பூரில் எல்லாரும் சொல்லும் பெரிய சிவப்பு மீனின் தலைகள். தேக்காவை ஒட்டிய இந்தச் சாலையில் உள்ள ஓர் உணவகத்தின் சமையற்கட்டில், பகல் கூட்டம் வருவதற்கு முன் நின்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. முன்பக்கம் குளிரூட்டிய கூடம், வரிசையாக மேசைகள், அவசரமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். நடுவில் ஒரு கதவு. அதைத் தாண்டினால் வெக்கை முகத்தில் அறைகிறது.

அங்கே எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'. ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். ஒரு தலையைக் கையில் எடுத்ததும் செவுளைத் தூக்கிப் பார்த்தார். நல்ல சிவப்பு. பிறகு கண்ணை விரலால் தொட்டார். "கண்ணு உள்ள வாங்கியிருந்தா திருப்பி அனுப்பிடுவேன், சார். அதுல சமரசமே கிடையாது" என்றார். செவுளை வெட்டி எடுத்தபின், தலையின் உட்புறம் எலும்பை ஒட்டி உறைந்திருக்கும் ரத்தத்தைக் கட்டைவிரல் நகத்தால் வழித்தெடுத்தார். அந்த ரத்தம் துளி நின்றாலும் குழம்பு முழுக்கக் கவிச்சி அடிக்குமாம். தாடைக்கடியில் ஒளிந்திருக்கும் செதிலைக் கண்ணால் தேடவில்லை, விரல் தடவியே கண்டுபிடித்தது. கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளியும்வரை கழுவினார். அடுப்பு பற்றவைக்கும் முன்பே பாதி வேலை இங்கே முடிந்துவிடுகிறது.

கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, வெங்காயம், தக்காளி, மசாலா, புளிக்கரைசல் என்று வரிசையாக எல்லாம் சட்டியில் விழுந்தன. வெண்டைக்காயும் கத்தரிக்காயும் சேர்ந்தன. கடைசியாக அன்னாசித் துண்டுகள். புளிப்புக்கு நடுவே லேசாக இனிப்புத் தட்டுவது அதனால்தான். ஓரத்தில் எண்ணெய் பிரிந்த பிறகே தலை உள்ளே இறங்கியது. அதற்குப் பின் கரண்டிக்கு வேலையில்லை. கிளறினால் கன்னச் சதை கரைந்துவிடும். சட்டியின் இரு காதுகளையும் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றினார். மீனின் கண் வெளுத்துத் துருத்தியதும் தீயை அணைத்தார். கடிகாரத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இந்தக் கறி தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததன்று. இந்தத் தீவிலேயே பிறந்தது. ஏறத்தாழ 1950 வாக்கில், சோஃபியா சாலையில் கடை வைத்திருந்த கேரளத்துக்காரர் எம்.ஜே. கோமஸ், சீனர்கள் மீன்தலையை விரும்பிச் சாப்பிடுவதைக் கண்டு, அதை நம் குழம்பில் போட்டார் என்பார்கள். 1969இல் தொடங்கிய முத்தூஸ் கறியும் 1974இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோவும் ரேஸ் கோர்ஸ் சாலையை மீன்தலைக் கறிக்கே பேர்போன சாலையாக்கின. இந்தப் பக்கம் இருந்த குதிரைப் பந்தயத் திடல் 1933இலேயே புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. சாலைக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. இன்று இங்கே சீனக் குடும்பம், மலாய்க் குடும்பம், ஐரோப்பியப் பயணி, நம்மவர் எல்லாரும் ஒரே கூடத்தில் இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

பகல் பன்னிரண்டுக்குக் கூடம் நிறைந்தது. பரிமாறிய அக்கா ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர். ஒரு மேசையில் வயதான சீன அம்மா. அவருக்குச் சொல்லித்தர எதுவுமில்லை, நேரே கண்ணுக்குத்தான் கை போனது. அடுத்த மேசையில் முதல்முறை வந்த வெளிநாட்டு இளைஞர்கள் தலையைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இரண்டு கரண்டிகளால் தலையைத் திருப்பி, கன்னத்துச் சதையை உடையாமல் எடுத்து அவர்கள் இலையில் வைத்தார். பிறகுதான் அவர்கள் முகம் தெளிந்தது. யாருக்குச் சொல்ல வேண்டும், யாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மேசையைப் பார்த்த கணத்தில் புரிந்துகொள்வதும் தொழில்தான்.

இந்தத் தொழிலுக்கு ஆள் கிடைப்பது எளிதில்லை. இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையற்காரர்களை வொர்க் பெர்மிட்டில் எடுக்க அரசு வழி திறந்தது 2023 செப்டம்பரில்தான். மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதற்கு முன் கூடுதல் சம்பளமும் தகுதியும் கேட்கும் எஸ் பாஸ் போன்ற வழிகள்தான். கை தேர்ந்த மாஸ்டர் ஊருக்குத் திரும்பிவிட்டால், அவருடைய பக்குவமும் கூடவே போய்விடுகிறது. எழுதிவைத்த அளவுகளை வைத்து அந்தக் கட்டைவிரலை உருவாக்க முடியாது.

நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்து ரசீது 119 வெள்ளி 90 காசில் நிற்கும். அதைக் கண்டதும் நம்மவர்களிடமிருந்து ஒரு முணுமுணுப்பு வரும். "வீட்டுல வைக்கிற குழம்புக்கு இவ்வளவு காசா?" இத்தாலிய உணவகத்தில் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும்போது அதே வாய் எதுவும் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. பினாங்கில் பிறந்த மனோ தேவரின் 'தேவர்' உணவகம் 2022இல் இரண்டு மிஷெலின் நட்சத்திரங்கள் பெற்றபோது நாம் பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நட்சத்திரம் வந்து சொன்ன பிறகுதான் நம் சமையல் மதிப்புக்குரியது என்று தெரிய வேண்டுமா?

வீட்டில் அம்மா காசு வாங்காமல் சமைத்தார் என்பதற்காக, வெளியே சமைக்கிறவரின் உழைப்பு மலிவாகிவிடாது. ரேஸ் கோர்ஸ் சாலையில் இலை போட்டு உட்காரும்போது நாம் விலை கொடுப்பது மீனுக்கு மட்டுமில்லை, கவிச்சி நீக்கத் தெரிந்த கைக்கும் சேர்த்துத்தான். சாப்பிட்டு எழுந்ததும் மாஸ்டரைக் கூப்பிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். பரிமாறியவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த தலைமுறையில் ஒரு பிள்ளை இந்தத் தொழிலுக்கு விரும்பி வர வேண்டுமென்றால், அதற்கு மதிப்பும் நியாயமான கூலியும் உண்டு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதைக் காட்ட வேண்டியவர்கள் முதலில் நாம்தான்.